மூணுக்கு இறக்கு

அப்பாவின் கஞ்சில் காடியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை அவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். இருபது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர்.

எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு. "நேர் ரோட்டுல சீக்கிரம் மேல் கியருக்குப் போ, எண்ணெய் மிச்சம். மேடு வந்தா இறக்கு, வீராப்பு பண்ணாத."

காரணம் பிறகுதான் புரிந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உராய்விலேயே எரிபொருள் வீணாகும். அதே வேகத்தில் மேல் கியரில் போனால் சுற்று குறையும். காற்று வரும் வழியும் கொஞ்சம் அகலமாகத் திறப்பதால், எஞ்சின் மூச்சுக்குத் திணறாது. ஆனால் சக்தி என்பது முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி வருவது. சுற்று குறைந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் 660 சிசி எஞ்சினிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அதற்காக அலறவிட்டும் பயனில்லை. ஓர் எல்லைக்கு மேல் போதிய காற்றை இழுக்க முடியாமல் சக்தி இறங்கிவிடும். சிக்கனத்துக்கு ஒரு சுற்று, பலத்துக்கு வேறொரு சுற்று.

போன டிசம்பரில் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினோம். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் மேடு. காடி நான்காவது கியரில் குலுங்கியது. உள்ளே டக் டக்கென்று தட்டும் சத்தம். அப்பா அப்படியே மிதித்துக்கொண்டிருந்தார்.

வீராப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். "அப்பா, மூணுக்கு இறக்குங்க." பதில் இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. எஞ்சினும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"தெரியும்டா" என்று கியரை இறக்கினார். அடுத்த வளைவிலிருந்து இடது உள்ளங்கையை கியர் கம்பிமேலேயே வைத்திருந்தார். கம்பி நடுங்கத் தொடங்கியதும் தானே இறக்கினார். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

தானா ராத்தாவில் தே தாரிக் குடித்து முடித்ததும் சாவியை என் பக்கம் தள்ளினார்.

"எறங்கும்போது நீ ஓட்டு. கியர்லயே கட்டிப் பிடி, பிரேக்கை எரிச்சிடாத."

மலை இறங்கி முடியும்வரை அவர் கை டேஷ்போர்டின் மேலேயே இருந்தது.