தனுஷ்கோடியின் கறுப்பும் வெளுப்பும்

காமிரா தூக்குகிறவர்களுக்குத் தனுஷ்கோடியைப் போல் சௌகரியமான இடமும் கிடையாது; அதைப் போல் ஆளை ஏமாற்றும் இடமும் கிடையாது. மலைநாட்டில் ஒரு காட்சியைப் படமெடுக்கப் போனால், மரமும் செடியும் பாறையும் அருவியும் ‘என்னை எடு, என்னை எடு’ என்று ஒன்றோடொன்று போட்டியிடும். எதைச் சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்று நாம் தீர்மானிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். தனுஷ்கோடியில் அந்தச் சிரமமே இல்லை. வேண்டாதவற்றையெல்லாம் காற்றும் கடலும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கின்றன. வெண்மணல், கருநீர், நடுவே ஒரு நீண்ட கோடு; இவ்வளவுதான் ஊர். கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்றே படைத்தது போலிருக்கிறது. அதனாலேயே அங்கே போய்வந்தவர்களின் படங்களெல்லாம் ஒரே படமாகவும் இருக்கின்றன.

அந்தக் கோட்டைப் பாம்பனிலிருந்தே பிடித்துக்கொண்டு போகலாம். 1988-இல் திறந்த சாலைப் பாலம் கடலுக்கு மேலே வெகு உயரத்தில் வளைந்து செல்கிறது. அதன் உச்சியிலிருந்து கீழே பார்த்தால், நீரின்மேல் ஓடும் ரயில் பாதை முழுவதும் ஒரே பார்வையில் அகப்படுகிறது. போலீசார் விரட்ட விரட்ட ஜனங்கள் வண்டியை நிறுத்தி இறங்கி வேடிக்கை பார்ப்பதில் ஆச்சரியமில்லை. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கப்பல் போவதற்காக அதன் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல விரிந்து மேலே எழும்பும். அதை ஆட்கள் கையால் சக்கரத்தை இயக்கித்தான் தூக்கினார்கள். 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில், நடுவிலுள்ள 72.5 மீட்டர்ப் பகுதி அப்படியே படுக்கை வசமாக உயர்ந்து கப்பலுக்கு வழி விடுகிறது.

இணையாக ஓடும் இரு தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தோன்றுவதைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். படக்கலையில் கோட்டின் சக்தி முழுவதும் இந்த மயக்கத்தில் அடங்கியிருக்கிறது. நம்முடைய கண் ஒரு சோம்பேறி. ஒரு பாதையைக் காட்டிவிட்டால் வேறு பக்கம் திரும்பாமல் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். ஆகையால் கோடு போய் முடிகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் படத்தின் பொருள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலிலேயே நிற்க வைத்தது போல் ஆகும். பாதையைப் படத்தின் நட்டநடுவில் நிறுத்தி எடுப்பது பலருக்கும் பழக்கம். சற்றே ஒதுங்கி நின்று, கீழ் மூலையில் தொடங்கி அது குறுக்காக ஏறும்படி பார்த்துக்கொண்டால், அதே பாலம் உயிர் பெற்று ஓடத் தொடங்குகிறது. தூக்குப் பகுதியின் கோபுரங்கள் அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகிற இடத்தில், ஒரு மீன்பிடி விசைப்படகு அடியில் நுழையும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குத்தான் காமிராவில் பொத்தான் எதுவும் வைக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கோடு ராமேசுவரத்தோடு நிற்கவில்லை. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, ஸ்டீமரில் தலைமன்னார் போய், அங்கே மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு சேரலாம். ஸ்டீமர்களில் ஒன்றின் பெயர் கோஷன், மற்றொன்றின் பெயர் இர்வின். ஒருவர் சென்னையில் கவர்னராக இருந்தவர், மற்றவர் வைஸ்ராய். மூட்டையும் குழந்தையுமாக அந்தக் கப்பல்களில் ஏறித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஆயிரமாயிரம் தமிழ்க் கூலிகளில் ஒருவர் பெயரும் எந்தக் கப்பலுக்கும் வைக்கப்படவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அவர்களை அடைத்து வைத்து, நோய் இல்லையென்று கண்ட பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். 1964 அக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதம மந்திரிகள் செய்த உடன்படிக்கையின்படி, அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரர்களிலும் லட்சக்கணக்கானோர் இக்கரைக்குத் திரும்ப நேர்ந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது தனுஷ்கோடித் துறை இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அதைக் கடல் கொண்டுவிட்டது. ராமேசுவரத்தில்தான் வந்து இறங்கினார்கள்.

இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு போகிறவரின் படம் வேறாகத்தான் இருக்கும் என்பது நம்முடைய கட்சி. அவருக்கு அந்தக் கோடு வெறும் கணிதமாகத் தோன்றாது. ஜனங்கள் நடந்து போன வழியாகத் தோன்றும்.

ராமேசுவரத்தைவிட்டுத் தென்கிழக்காகப் புறப்பட்டால் நிலம் வரவர ஒடுங்கி நாக்கு மாதிரி கடலுக்குள் நீள்கிறது. வழியில் கோதண்டராமர் கோயில் தனியே நிற்கிறது. புயலுக்குத் தப்பியது அது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் 9.5 கிலோமீட்டருக்குப் போட்ட புதுச் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் ஓடத்தக்க வண்டிகளில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். இப்பொழுது சாலையின் இடப்பக்கம் பாக் நீரிணை. அநேக நாட்களில் கண்ணாடி போல் கிடக்கும். வலப்பக்கம் மன்னார் வளைகுடா; எப்பொழுதும் இரைச்சல். முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் ஊரார் சொல்கிறார்கள். வண்ணப்படத்தில் இரண்டும் நீலமாக வந்து ஒன்றாகிவிடும். கறுப்பு வெள்ளையில்தான் வித்தியாசம் புலப்படுகிறது: ஒரு பக்கம் வெள்ளித் தகடு, மறுபக்கம் நுரை கிழிந்த கருங்கம்பளம்.

சாலை தென்கிழக்காக ஓடுவதால், வருஷத்தின் பெரும்பகுதி காலைக் கதிர் இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழுகிறது. மார்கழியில் மட்டும் ஏறக்குறைய முகத்துக்கு நேரே வந்து கண்ணைக் கூசவைக்கும். சாய்ந்த வெயிலில் மணல் மேட்டின் ஒவ்வொரு வரியும், நண்டு ஓடிய தடமும், தனித்தனி நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மணிக்கு அவ்வளவும் மறைந்து, வெறும் வெள்ளைத் துணி விரித்தது போலாகிவிடும்.

வெண்மணல் காமிராவையும் ஏய்க்கக்கூடியது. எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடுவது காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானியின் சுபாவம். அதன் பேச்சை அப்படியே கேட்டால் தனுஷ்கோடி மணல் அடுப்புச் சாம்பலாக வரும். ஒன்று அல்லது ஒன்றரை ‘ஸ்டாப்’ கூடுதலாகக் கொடுத்தால்தான் வெண்மை வெண்மையாக நிற்கும். ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது.

மணல் வெளுத்தால் போதுமா? வானம் கறுக்க வேண்டும். அப்பொழுதுதான் படம் எடுப்பாக இருக்கும். பழைய உபாயம் சிவப்புக் கண்ணாடி. அது வானத்தின் நீலத்தை மறித்து இருளச் செய்யும். அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் 1927 ஏப்ரலில் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற இளைஞர் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையை மஞ்சள் கண்ணாடி வைத்து எடுத்தார். தம் மனத்திலுள்ள கம்பீரம் அதில் வராதென்று பட்டது. மிஞ்சியிருந்த ஒரே தகட்டில் கருஞ்சிவப்புக் கண்ணாடியை மாட்டி மறுபடியும் எடுத்தார். வானம் ஏறக்குறையக் கறுப்பாகி, பாறை அதிலிருந்து பிளந்துகொண்டு வந்தது. அந்தப் படமே அவருடைய கீர்த்திக்கு அஸ்திவாரமாயிற்று. இன்று கைப்பேசி வைத்திருப்பவர் கண்ணாடி தேடி அலைய வேண்டாம். வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைத் தாழ்த்தினால் பலன் அதுவே. ஆனால் யோசெமிட்டியில் பலித்தது தனுஷ்கோடியில் எல்லா நாளும் பலிக்காது. கடலோரத்து ஆவி தொடுவானத்தை வெளுக்கச் செய்துவிடும். நீலமில்லாத வானத்தைச் சிவப்புக் கண்ணாடி என்ன செய்யும்? ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில் போனால் அதிர்ஷ்டம் உண்டு.

இனி அந்த இடிபாடுகள். ரயில்வே ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலோடு கடல் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பிரயாணிகளோடு அலையில் போயிற்று. பாம்பன் பாலமும் குலைந்தது. அதை 46 நாட்களில் செப்பனிட்டு மறுபடியும் ரயில் விட்டார் ஈ. ஸ்ரீதரன் என்ற பொறியியலாளர். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் யாரும் மீண்டும் போடவில்லை. ஊர் மனிதர் வசிக்கத் தகாதது என்று அரசாங்கம் முடிவு செய்தது. மீனவக் குடும்பங்கள் சில அந்த முடிவுக்குக் கட்டுப்படாமல் இன்றும் அங்கே குடியிருக்கின்றன.

மாதா கோயிலின் பவளக்கல் சுவர்களை நிழலுருவாக எடுப்பதுதான் இப்பொழுது வழக்கம். வானத்துக்கு அளவு வைத்துப் பொத்தானை அழுத்தினால் சுவர் மைக்கறுப்பாகிவிடும். வளைவு வாசல் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். பார்த்தவுடன் ‘ஆஹா’ என்று சொல்லத் தோன்றும். நாம் போயிருந்தபோது ஒரு வாலிபர் இவ்வாறு எடுத்து, சுவரடியில் சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் பெருமையோடு காட்டினார். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, “சுவரு நல்லா இருக்கு தம்பி. இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டாள். வாலிபரால் காட்ட முடியவில்லை. சுவரின் கறுப்போடு அவளும் கலந்து போயிருந்தாள்.

மாறுபாடு வேண்டாமென்று இதற்கு அர்த்தமல்ல. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அதற்குள் கண் நுழைவதற்குச் சிறிது இடம் இருந்தால் போதும். தனுஷ்கோடியில் அதற்கு வழியும் இருக்கிறது. வெயில் சற்று ஏறியதும் வெளியிலுள்ள மணலே பெரிய கண்ணாடியாகி, நிழலுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. காலை ஒன்பது மணி சுமாருக்கு அதே சுவரடியில் கல்லின் துளைகளும், கிழவியின் முகச் சுருக்கங்களும், கையிலுள்ள சங்கின் வரியும் தெளிவாகத் தெரிகின்றன. மணல் வரிகளுக்கு விடியற்காலை. மனிதர் முகத்துக்கு ஒன்பது மணி. வாலிபரும் அப்புறம் ஒரு படம் எடுத்தார். அதில் கிழவி தன்னைக் கண்டுகொண்டு சிரித்தாள். இரண்டு சங்குகளை அவர் தலையில் கட்டியும்விட்டாள்.

அரிச்சல்முனையில் சாலை, அசோகச் சின்னம் தாங்கிய தூணைச் சுற்றி வளைந்து முடிந்துவிடுகிறது. அப்பால் மணல் திட்டு, அப்பால் நீர், கண்ணுக்கெட்டாத தூரத்தில் தலைமன்னார். வருகிறவர்கள் யாவரும் இங்கே நின்று சாலையை நோக்கி ஒரு படம் எடுக்கிறார்கள். கோடு வெகு அழகாகத்தான் போகிறது. முடிவில் நிற்பது ஐஸ் வண்டியும் வாடகை வான்களும்.

நமக்குப் பிடித்த கோடு சாலையில் இல்லை. ஆண் கடலின் கரையில் இருந்தது. மாலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் போய் வலையை அரைவட்டமாகப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவந்து, இரு வரிசையாக நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டிய வேலை அது. இழுப்பவர்களுக்குப் பின்னால் நின்று எடுத்தால் கயிறு கடலுக்குள் போய் மறையும், முதுகுகள்தான் தெரியும். தலைவராகத் தோன்றிய பெரியவரிடம், “படம் எடுக்கலாமா, ஐயா?” என்று கேட்டோம். “வலையை மிதிக்காம எடுங்க” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, அலை காலில் அடிக்க, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஈரக்கயிறு நம் காலடியில் தொடங்கி, மணலில் ஏறி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. மேற்கு வெயில் நம் தோளைத் தாண்டிப் பன்னிரண்டு முகங்களின் மேலும் விழுந்தது. பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மூன்று படங்கள் எடுப்பதற்குள் போலீசார் விசில் ஊதத் தொடங்கிவிட்டார்கள். இருட்டுவதற்கு முன் வெளியூரார் அனைவரையும் அங்கிருந்து அனுப்பிவிடுவது வழக்கம். வலையின் மடி இன்னும் கரையேறவில்லை. மீன் எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதற்குக்கூட நமக்கு அவகாசம் இருக்கவில்லை.