எத்தனை பேரில்?

தில்லியின் பழைய ராஜிந்தர் நகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், வெற்றியாளர்களின் முகங்கள் சுவர்களை மறைத்து நிற்கும். குடிமைப் பணித் தேர்வின் முதல் 100 இடங்களுள் இத்தனை எங்கள் மாணவர்களுக்கு என்று பயிற்சி மையங்கள் போட்டியிட்டு அறிவிக்கும். தொலைவூரிலிருந்து மகளை அழைத்துவரும் தந்தை அந்தப் பலகையில் படிப்பது ஒன்று, புரிந்துகொள்வது வேறொன்று.

வெற்றி பெற்றவர்களுள் இம்மையத்தில் பயின்றவர் எத்தனை பேர் என்பதைப் பலகை சொல்கிறது. இம்மையத்தில் பயின்றவர்களுள் வெற்றி பெறுவோர் எத்தனை பேர் என்பதே தந்தைக்குத் தெரிய வேண்டியது. நிபந்தனை நிகழ்தகவில் மிகப் பரவலான பிழை, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதுதான். முதல் 100 பேரில் 40 பேர் ஒரே மையத்தினர் என்று கொள்வோம். அங்கே பயின்றவர் 8,000 பேர் எனில், அந்த நூற்றுக்குள் வந்தவர் 200 பேருக்கு ஒருவரே. 40 விழுக்காடு அரை விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 8,000 பலகையில் இருப்பதில்லை.

இரண்டாவது பிழை இதனினும் நுட்பமானது. 2022ஆம் ஆண்டில் முதல்நிலைத் தேர்வு எழுதியோர் 5,73,735 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 13,090 பேர். நேர்முகத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 2,529 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோர் 933 பேர். ஆகவே, முதல்நிலைத் தேர்வு எழுதியவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 600இல் ஒன்று. முதன்மைத் தேர்வை எட்டியவருக்கு 14இல் ஒன்று. நேர்முகத் தேர்வை எட்டியவருக்கோ மூன்றில் ஒன்றுக்கும் மேல். தேர்வு ஒன்றுதான். நிபந்தனை மாறியதும் விடை மாறிவிடுகிறது.

நேர்முகத் தேர்வுக்கு முன்பு மையங்கள் இலவசமாக மாதிரி நேர்காணல் நடத்துவதை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரு வாயில்களைத் தாமாகக் கடந்து வந்தவர்களை ஒரு மணி நேரம் அமரவைத்து, எதுவும் கற்பிக்காமல் அனுப்பினாலும், அவர்களுள் மூவரில் ஒருவர் எப்படியும் வெல்வார். அவரது படமும் பலகையில் ஏறும். அப்படத்தை நம்பி முழுநேர வகுப்புக்குப் பணம் கட்டுபவரோ இன்னும் முதல் வாயிலுக்கு வெளியே நிற்கிறார்.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வெற்றியாளரின் படத்தோடு அவர் சேர்ந்த பயிற்சியின் பெயர், அதன் கால அளவு, கட்டணம் செலுத்தினாரா என்னும் விவரம் ஆகியவற்றையும் வெளியிடச் சொல்கின்றன. மறைந்திருந்த நிபந்தனையை வெளிப்படையாக எழுதச் சொல்லும் ஏற்பாடு என்றே கணிதம் பயின்றோர் இதைப் படிப்பர்.

ஆயினும் பலகையின் முன் நிற்பவர் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் உண்டு. எத்தனை பேரில் இத்தனை பேர்? அவர்கள் எந்த வாயிலில் வந்து சேர்ந்தவர்கள்? இங்கே சேராமலே வென்றவர்களின் விகிதம் என்ன? தேர்வுத்தாளில் இவற்றைக் கேட்க மறந்தால் சில மதிப்பெண்கள் குறையும். அந்தத் தெருவில் மறந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அம்மகளின் இளமையில் சில ஆண்டுகளும் போகும்.