கடதாசி கேட்காத நான்கு தந்தி

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை எதையாவது கற்றுக்கொள்ளத் தொடங்கினால், வீட்டுக்கு வரும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "இப்ப எத்தனையாவது கிரேட்?" என்பதுதான். வயலின் என்றால் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை. பியானோ என்றால் லண்டன் பரீட்சை. பரதத்துக்கும் தரம் உண்டு, சான்றிதழ் உண்டு. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம், அதற்கப்பால் இசட் புள்ளி. இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆசைக்காகப் பாட்டுப் படிக்கப் போனால் அங்கேயும் ஒரு மேசையும் பரீட்சகரும் புள்ளித்தாளும் காத்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற பிறகு நான் யுகுலேலே பழகத் தொடங்கியதைப் பார்த்து, உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனும் அதையே கேட்டான். "தாத்தா, இதுல எத்தனை கிரேட் இருக்கு?"

"இருக்கும்பா. எனக்கு வேணாம்."

"அப்ப எதுக்குப் படிக்கிறீங்க?"

நல்ல கேள்வி. அவனுக்கும் அவன் வயதுப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சாமானைப் பற்றி. யுகுலேலே கிட்டாரின் குட்டி மாதிரி இருக்கும். வழக்கமான அளவுகளில் ஆகச் சிறிய சொப்ரானோ வகை இரண்டடிக்கும் குறைவு. ஆறு கம்பிக்குப் பதில் நான்கு நைலோன் தந்தி, ஆகவே விரல் நுனி கிட்டார் அளவுக்குப் புண்ணாவதில்லை. மோதிர விரலைக் கீழ்த் தந்தியின் மூன்றாவது கட்டத்தில் வைத்து மீட்டினால் சி கோர்ட் வந்துவிடும். ஒரே விரல்தான். நடுவிரலை மேல் தந்தியின் இரண்டாவது கட்டத்தில் வைத்தால் ஏ மைனர். எஃப் கோர்ட்டுக்கு இரண்டு விரல், ஜி செவனுக்கு மூன்று. கிட்டாரில் இதே இடத்துக்கு வர மாதக் கணக்கில் விரல் மடங்க வேண்டும். சோம்பேறிகளின் வாத்தியம் என்று சிலர் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அறுபது கடந்த மூட்டுகளுக்கு இது பெரிய உபகாரம்.

நம் காதோடு வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. எங்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் இங்கே விளக்கியே எழுதுகிறேன். விரல் வைக்காமல் மேலிருந்து கீழே மீட்டினால் ஒலிப்பது ஜி, சி, ஈ, ஏ. ஆர்மோனியக் கணக்கில் சி என்பது ஒரு கட்டை. அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஈ அந்தர காந்தாரம், ஜி பஞ்சமம், ஏ சதுஸ்ருதி தைவதம். அதாவது ச, க, ப, த. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு, விரல் படாமலே கையில் இருக்கின்றன. மிச்சமுள்ள ரிஷபம் சி தந்தியின் இரண்டாவது கட்டத்தில் கிடைக்கும், மேல் ஸட்ஜம் ஏ தந்தியின் மூன்றாவதில். பள்ளிக்கூடத்தில் சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு ஆரோகணம் பிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். கமகத்துக்கு ஆசைப்பட்டால் மட்டும் வீணையிடம் போய்விடுங்கள். இந்தக் குட்டித் தந்தியை இழுத்து அசைத்தால் அது சிணுங்கும், அவ்வளவுதான்.

மேல் தந்தியில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கிட்டாரில் மேலே இருப்பது தாழ்ந்த சுரம். யுகுலேலேயில் மேலே இருக்கும் ஜி, அடுத்துள்ள சி-யை விட உயரம். கையை ஒருமுறை கீழ்நோக்கித் தடவினால் ஒலி உயரத்தில் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும். அதன் துள்ளலில் பாதி இந்த வரிசை மாற்றத்தால் வருவது.

இந்த வாத்தியம் பிறந்த கதை தெரிந்தபோதுதான் எனக்கு இதன்மீது தனிப் பாசம் வந்தது. ஹவாய்த் தீவின் சொத்து என்றுதான் உலகம் நினைக்கிறது. 1879 ஆகஸ்ட் மாதம், போர்த்துக்கல்லுக்குச் சொந்தமான மடெய்ரா தீவிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலூலுவுக்கு வந்தது. வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அவர்களிடம் மச்செட்டே என்ற சின்ன நாலு தந்தி வாத்தியம் இருந்தது. அதே கப்பலில் வந்த மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று தச்சர்கள் பிற்பாடு ஹொனலூலுவில் கடை போட்டு, ஊர்க் கோவா மரத்தில் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்யத் தொடங்கினார்கள். அரசர் கலாகௌவாவுக்கு அது பிடித்துப்போய் அரண்மனைக்குள் போனது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அதன் பைத்தியம் பிடித்தது.

கப்பல், ஒப்பந்தம், தோட்டம், கூலி. இந்தச் சொற்களை யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை. 1820களில் கண்டிச் சீமையில் கோப்பிக் காடு திறந்தபோதும், 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகும், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து நம் ஆட்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள் ஏராளம். அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. தப்பு வந்தது, உறுமி வந்தது, தாலாட்டும் ஒப்பாரியும் வந்தன. விடியற்காலையில் பிரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டதும் தப்புதான். மாசியில் காமன் கூத்துக்கு முழங்கியதும் அதுதான். பகல் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய மனிதர் இரவில் சேலை கட்டி ரதியாக நின்று பாடுவார். மறுநாள் காலையில் அவரே கத்தியோடு மலைக்குப் போவார். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தது, எத்தனையாவது தரம் என்று லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

மச்செட்டேயை மடியில் வைத்துக்கொள்ள ஓர் அரசர் கிடைத்தார். தப்புக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. காரணம் ஒலியில் இல்லை, அடிப்பவரின் சாதியில் இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தேடி எழுதிவைக்காவிட்டால் அவற்றில் எவ்வளவோ காற்றோடு போயிருக்கும். படித்து வேலைக்குப் போன எங்கள் தலைமுறைக்கே தப்புச் சத்தம் கேட்டால் கூச்சமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் யுகுலேலேயைப் புகழ்ந்துகொண்டிருப்பது சரியில்லை.

சரி, லயத்தில் யாரும் சான்றிதழ் கேட்காத சமூகம் எப்படி இன்று ஆளுக்கொரு சான்றிதழுக்கு அலைகிறது? இது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேராசை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டம் எங்கள் அப்பா அம்மாவை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டது. ஒரே வீட்டில் அண்ணன் கப்பலேறினார், தம்பி தங்கினார். கடைசியாக 2003-ல் ஒரு சட்டம் வந்துதான் எஞ்சியவர்களின் கணக்குத் தீர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் எங்கள் வீடுகளில் ஆக விலையுயர்ந்த பொருள் நகை அல்ல, தகரப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த பிறப்புப் பத்திரமும் பிரஜாவுரிமைக் கடதாசியும். மழையில் லயக்கூரை ஒழுகினால் முதலில் நகர்த்துவது அந்தப் பெட்டியைத்தான். அப்படி வளர்ந்தவர்கள், பிள்ளை பாடினால் அதற்கும் ஒரு கடதாசி இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். பாடுவதைக் கூட யாராவது நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது.

அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுங்கள். புலமைப்பரிசிலும் உயர்தரமும் எழுதுங்கள், எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே ஒரு காரியத்தையாவது கடதாசி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது வாத்தியமாக இருக்க வேண்டும் என்றில்லை. என் கைக்கு யுகுலேலே வந்தது.

பரீட்சை இல்லையென்றால் சிரத்தையும் வேண்டாம் என்று அர்த்தமாகாது. சி-யில் இருந்து ஜி செவனுக்கு மாறிப் பாருங்கள், தெரியும். மூன்று விரலும் ஒரே நேரத்தில் முக்கோணமாக இறங்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஈ தந்தியின் முதல் கட்டத்தில், நடுவிரல் சி தந்தியின் இரண்டாவதில், மோதிர விரல் ஏ தந்தியின் இரண்டாவதில். ஒரு விரல் பிந்தினால் தாளம் நொண்டும். ஒரு விரல் பக்கத்துத் தந்தியில் உரசினால் 'டப்' என்று செத்த சத்தம் வரும். யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஆனால் காது சும்மா விடாது. வலது கை நிற்காமல் மெதுவாக ஓடட்டும், இடது கை அதற்கு ஈடுகொடுக்கப் பழகட்டும். வேகத்தைக் கூட்டுவதெல்லாம் பிறகு. மாலைத் தேநீருக்கும் இரவுச் செய்திக்கும் இடையில் தினமும் கொஞ்ச நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணிநேரம் உட்கார்ந்தால் முதுகு வலிதான் மிச்சம்.

தலதா மாளிகையில் பூசை நேரத்தில் முழங்கும் ஹேவிசியைக் கேட்டிருப்பீர்கள். பரம்பரை பரம்பரையாக அந்த மேளத்தை அடிப்பவர்களுக்கு அது கடமை. உடம்பு சரியில்லை, மனம் சரியில்லை என்று விட முடியாது. அவர்களை நான் கும்பிடுகிறேன். நமக்கு அந்தப் பாரமும் இல்லை, அந்தப் பெருமையும் இல்லை. ஒருநாள் தவறினால் யாருடைய பூசையும் நிற்காது.

இன்னொரு பரீட்சகர் உங்கள் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறார். பழகத் தொடங்கிய வாரமே போனில் படம்பிடித்துப் போட்டு, எத்தனை பேர் விருப்பம் சொன்னார்கள் என்று எண்ணத் தொடங்கினால் பழைய புள்ளித்தாளே புதுச் சட்டை போட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். போனில் சுருதி சேர்க்கும் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல உதவி. கமெராவைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள்.

சுருதி என்றதும் ஞாபகம் வருகிறது. புதுத் தந்தி போட்டால் முதல் சில நாட்கள் அது இறங்கிக்கொண்டே இருக்கும். நைலோன் நீண்டு கொடுப்பதால் அப்படி. வாத்தியம் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், மறுபடி மறுபடி முறுக்குங்கள், தானாக நிலைக்கும். கண்டி ஈரத்துக்கு மரம் ஊதும். மழைக் காலத்தில் சுவரோடு சாய்த்து வைக்காமல் உறைக்குள் வையுங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

பாட்டுக்குப் பஞ்சமில்லை. போர்த்துக்கீசர் விட்டுப்போன தாளத்தில் வளர்ந்த பைலாவும், சிலோன் மனோகர் என்று நாம் கொண்டாடிய ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல்களும், நித்தி கனகரத்தினத்தின் துள்ளிசையும் பெரும்பாலும் மூன்று கோர்ட்டுக்குள் அடங்குபவை. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்தே ஓடும். எங்கள் ஒழுங்கையில் அதை மீட்டத் தொடங்கினால் எதிர்வீட்டுச் சிங்கள ஆச்சியும் வாசலுக்கு வந்து ஒரு வரி சேர்த்துப் பாடிவிட்டுத்தான் உள்ளே போவார். மடெய்ராவுக்குப் போன அதே போர்த்துக்கீசர்தான் 1505-ல் நம் கரைக்கும் வந்தவர்கள். ஆகையால் பைலாவும் யுகுலேலேயும் தூரத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இரண்டுக்கும் ஒத்துப்போகிறது என்பது மட்டும் கைகண்ட உண்மை.

கடல் பார்க்க ட்ரிப் போகும்போது கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள், மடியில் அடங்கும். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் பாட்டைத் தொடங்குவது உங்கள் சி-யில் இருக்காது. யார் தொண்டைக்கு எது வருகிறதோ அதில் தொடங்கிவிடுவார்கள். தேடிக் களைக்க வேண்டாம். இடது உள்ளங்கையால் நான்கு தந்தியையும் லேசாக மூடிக்கொண்டு வலது கையால் தாளத்தை மட்டும் தட்டுங்கள், ஒருவருக்கும் குறை தெரியாது. இரண்டாவது பாட்டுக்குள் சுருதியைப் பிடித்துவிடலாம். பிடிக்காவிட்டாலும் அதற்குள் பஸ் கடுகண்ணாவையைத் தாண்டியிருக்கும், அவர்களும் வேறு பாட்டுக்கு மாறியிருப்பார்கள்.