இடமாற்றம் வேறு, தண்டனை வேறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது முழுவதையும் வாசியுங்கள்.

"எஸ்.டி.எப்பில் துவக்கோடு நின்றவரை ஊர்ப் பொலிஸுக்குப் போடலாமா? அது சட்டப்படி சரியா?" புதிய ஓ.ஐ.சி ஒருவர் வரும்போது தேத்தண்ணிக் கடையிலும் பள்ளி முற்றத்திலும் இந்தக் கேள்வி அடிபடுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் பதில்களில் பாதி ஊகம். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு விசயம். எஸ்.டி.எப் என்று நாம் சொல்லும் விசேட அதிரடிப்படை இராணுவம் அல்ல. புள்ளி போட்ட சீருடையைப் பார்த்துப் பலர் அப்படி நினைக்கிறார்கள். யுத்தம் தொடங்கிய காலத்தில், 1983, 84 அளவில், பொலிஸ் திணைக்களத்துக்குள்ளேயே உருவாக்கப்பட்ட பிரிவு அது. கட்டுக்குருந்தையில் பயிற்சி எடுக்கிறார்கள். கொன்ஸ்தாபல், சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர், ஏ.எஸ்.பி என்று பதவிகளும் பொலிஸ் பதவிகள்தான். இரண்டு பக்கத்துக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்று: 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க பொலிஸ் கட்டளைச் சட்டம். அதன் 56ஆம் பிரிவின்படி ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் எப்போதும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார். நாட்டின் எந்தப் பகுதியிலும் அவருக்குப் பொலிஸ் அதிகாரம் உண்டு. குற்றங்களைத் தடுப்பதும் அமைதியைக் காப்பதும் அவர் கடமை. காக்கி போட்டவருக்கு ஒன்று, புள்ளிச் சீருடைக்கு இன்னொன்று என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை.

ஆகவே எஸ்.டி.எப்பில் இருந்து பொலிஸ் நிலையத்துக்கோ, நிலையத்தில் இருந்து எஸ்.டி.எப்புக்கோ ஒருவரை மாற்றுவது ஒரே திணைக்களத்துக்குள் நடக்கும் இடமாற்றம். அது தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது.

சட்டம் கோடு போட்டிருப்பது வேறு இடத்தில். இராணுவத்துக்குத் தனிச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். ஒரு சிப்பாயை இடமாற்றக் கடிதம் ஒன்றால் பொலிஸ்காரர் ஆக்க முடியாது. பொது ஒழுங்குக்காகப் படையினரை வெளியே அழைக்க ஜனாதிபதி 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் கட்டளை பிறப்பிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பின் மாதா மாதம் வர்த்தமானி வந்தது இதற்காகத்தான். அந்த நாட்களில் வீட்டு வாசலில் நின்றவர் இராணுவமா, எஸ்.டி.எப்பா, பொலிஸா என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் யாரிடம் போய் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

அடுத்த கேள்வி, இடமாற்றும் அதிகாரம் யாருக்கு? 2001இல் வந்த 17ஆம் திருத்தம் அதைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 2010இல் 18ஆம் திருத்தம் ஆணைக்குழுவைப் பலவீனப்படுத்தியது. 2015இல் 19ஆம் திருத்தம் திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் குறைத்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொடுத்தது. இத்தனை இழுபறி ஏன்? இடமாற்றக் கடிதம் யார் கையில் இருக்கிறதோ, பொலிஸ்காரரின் பயமும் அவர் பக்கம்தான் இருக்கும். அரசியல்வாதியின் ஒரு தொலைபேசி அழைப்பில் நேர்மையான ஓ.ஐ.சி ஒருவரைத் தூக்கி எங்கோ போடக்கூடாது என்பதற்குத்தான் ஆணைக்குழு.

பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த உத்தியோகத்தர்கள் விடயத்தில் ஆணைக்குழுவுக்கு ஐந்து அதிகாரங்கள்: நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு, பதவிநீக்கம். இதில் ஒரு பகுதியைப் பொலிஸ் மா அதிபரிடம் கையளிக்கவும் இடமுண்டு. தனக்கு அநியாயம் நடந்தது என்று நினைக்கும் உத்தியோகத்தர் ஆணைக்குழுவிடமும், அதன்பின் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையிடமும் போகலாம்.

அந்த ஐந்தையும் இன்னொரு முறை பாருங்கள். இடமாற்றம் ஒரு சொல். ஒழுக்காற்று இன்னொரு சொல். இதைத்தான் நமது ஊர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு பொலிஸ்காரர் பொடியன் ஒருவனுக்கு அடித்தால், முறைப்பாட்டை எடுக்க மறுத்தால், ஊரில் எழும் முதல் கோரிக்கை "ஆளை மாத்துங்க" என்பதுதான். கையொப்பம் சேரும், பள்ளி நிர்வாகம் போகும், எம்.பிக்குச் சொல்லப்படும். இரண்டு கிழமையில் ஆள் மாறிவிடுவார். ஊர் ஆறுதலடையும். ஆனால் அடி வாங்கியவனுக்கு நீதி கிடைத்ததா? விசாரணை நடந்ததா? அவர் இப்போது வேறொரு ஊரில், வேறொரு தாயின் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது நன்றாகப் புரியும். பெரிய பாடசாலையில் பிரச்சினைப்பட்டவரைக் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு அனுப்புவதை "தண்டனை இடமாற்றம்" என்பார்கள். தண்டனை உண்மையில் யாருக்கு? அந்தக் கஷ்டப் பிரதேசத்துப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? பொலிஸிலும் கணக்கு இதுதான். முகாமில் பிழை விட்டவரை நிலையத்துக்கும், நிலையத்தில் பிழை விட்டவரை முகாமுக்கும் மாற்றினால் பிழை இடம் மாறுமே தவிரத் தீராது.

எஸ்.டி.எப்பில் இருந்து வருகிறவர் எல்லோரும் பிழையானவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஒரு கூட்டத்தில் ஒருவர் செய்ததற்காக எல்லோரையும் சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று நம்மை விட யாருக்குத் தெரியும்? ஆனால் வேலை வேறு. முகாமில் கட்டளை, வேகம், ஆயுதம். நிலையத்தில் காணிச் சண்டை, குடும்பப் பிரச்சினை, காணாமல் போன மோட்டார் சைக்கிள், அழுதுகொண்டு வரும் பெண். அங்கே முதல் வேலை கேட்பது, இரண்டாவது எழுதுவது. இடமாற்றக் கடிதம் அதிகாரத்தைக் கொண்டுவரும், பழக்கத்தைக் கொண்டுவராது. அதற்குப் பயிற்சி வேண்டும். நமது பகுதிக்கு வருகிறவருக்குத் தமிழும் வேண்டும். பிரஜா பொலிஸ் கூட்டங்களில் "இவரை ஏன் போட்டீர்கள்" என்று கேட்பதை விட, "இவருக்கு நிலையப் பணிக்கான பயிற்சி கொடுத்தீர்களா, முறைப்பாட்டைத் தமிழில் எழுத ஆள் இருக்கிறதா" என்று கேட்பது பிரயோசனமானது.

எந்தப் பிரிவில் இருந்து வந்தவராக இருந்தாலும் அவருக்குப் பொருந்தும் சிலவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்:

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும்.

சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்கு மேல் நீதிவான் முன் நிறுத்தாமல் தடுத்து வைக்க முடியாது.

வாய்மூல முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டுவதுதான் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்லும் பொது விதி. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் வைக்க அவசரப்பட வேண்டாம்.

பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் கொடுக்கலாம்.

அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது.

அடுத்த முறை ஊரில் கடிதம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "இடமாற்றம் செய்யுங்கள்" என்ற வரிக்கு மேலே "விசாரணை செய்யுங்கள்" என்று எழுதுங்கள். திகதி, நேரம், கண்டவர்களின் பெயர், வைத்தியத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து இணையுங்கள். பிரதி ஒன்றைப் பள்ளியிலும் வையுங்கள். அதிகாரம் ஓர் அமானிதம். அதைக் கையில் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பது நமது உரிமை. பக்கத்து ஊருக்கு நாம் செய்யும் கடமையும் கூட.

வஸ்ஸலாம்.