தீவனக் கடைப் பேரேடு

நாமக்கல்லில் என் மைத்துனருக்குக் கோழித் தீவன வியாபாரம். பண்ணைக்காரர்கள் தீவனத்தைக் கடனில் எடுத்துப்போய், முட்டைப் பணம் வந்ததும் கட்டுவார்கள். விலை சரிந்த மாதத்தில் பாக்கியில் நாலு ரூபாய் பிசகினாலும் இருபது வருஷத்துச் சிநேகம் போய்விடும். அந்தக் கணக்கெல்லாம் இப்போது ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைக் காப்பது அவர் மகனின் பொறுப்பு.

“நகல் எடுக்கக் கடையைச் சாத்த வேண்டாமா கண்ணு?” என்று கேட்டேன்.

“வேண்டியதில்லீங்க மாமா. ராத்திரியும் லாரி வருது. ஒரு நொடியில ஸ்னாப்ஷாட் எடுத்துருவேன்.”

2005-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். முறையில், பழைய எழுத்தின்மேல் புதியதை எழுதுவதில்லை; திருத்தம் வேறு இடத்தில் ஏறுகிறது. ஸ்னாப்ஷாட் என்பது, ‘இந்த நொடியில் உள்ள ஏடுகளை அழிக்காதே’ என்ற உத்தரவுதான். கதை எழுதுகிறவனுக்கு இந்த வசதி இல்லையே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

சங்கடம் வேறிடத்தில். ஒருவர் கட்டிய பணம் பெட்டியில் வரவாகி, அவர் பாக்கியில் கழியாத நொடியில் உத்தரவு விழுந்தால்? டேட்டாபேஸ் எதையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டே பேரேட்டைத் தொடுகிறது. மின்சாரம் போய் வந்தால் அதைப் பார்த்தே அரைகுறையைச் சரிசெய்கிறது. ஆகவே இரண்டும் ஒரே நொடியில் பிடிபட வேண்டும். பேரேடு ஒரு நிமிஷத்திலும் குறிப்பேடு மறு நிமிஷத்திலும் சிக்கினால் இரண்டும் பொருந்தா. கணக்கு ஒரு கம்ப்யூட்டருக்குள் நடக்கும் விர்ச்சுவல் மெஷினில் இருந்தால், நினைவில் வைத்திருப்பதை எழுதிவிட்டு நொடிப்பொழுது கைகட்டி நிற்கும்படி அதற்கும் சொல்ல வேண்டும்.

2017 ஜனவரி 31-ல் கிட்லாப் என்ற நிறுவனத்தில், ஒரு ஊழியர் தவறான இயந்திரத்தில் டேட்டாபேஸையே அழித்துவிட்டார். தினமும் நடப்பதாக நம்பிய நகல் வேலை, பதிப்பு பொருந்தாமல், சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போனவை போனவைதான்.

“டிஸ்க்கே போயிருச்சுன்னா ஸ்னாப்ஷாட்டும் கூடவே போயிருமுங்க” என்றான் பையன். அதனால் ஒவ்வொரு இரவும் மாறிய ஏடுகளை மட்டும் சேலத்தில் அக்காள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறான். மாதம் ஒருமுறை அங்கே போய், நகலைத் திறந்து, ஒரு சின்னப் பண்ணைக்காரரின் பாக்கியைக் கடையிலுள்ள ரசீதுகளோடு ஒத்துப் பார்க்கிறான். பெரிய பண்ணைகளை ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டேன்.

“அவங்க கையில தனியாக் கணக்கு வெச்சிருப்பாங்க மாமா. இவங்களுக்கு நம்ம கணக்குத்தானுங்க” என்றான்.