பதறும் உடம்பு

ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) பஸ் ஹாரன் அலறுனாலே தோள் ரெண்டும் இறுகிடுது.

பச்சைக் குழந்தைங்க உடம்பும் இப்படிப் பதறும்: திடுக்கிட்டா கைகளை விரிச்சு, பிறகு உள்ளே இழுத்துக்கும். இதுக்குப் பேரு மோரோ அனிச்சைச் செயல். எர்ன்ஸ்ட் மோரோ 1918ல விவரிச்சது. ஆறு மாசத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும்.

அதை வச்சு பெரியவங்களுக்கும் ஒரு பயிற்சி சொல்றாங்க.
மூச்சை இழுத்துக்கிட்டே கைகாலை மெதுவா விரிக்கணும்.
மூச்சை விட்டுக்கிட்டே மடக்கிக் குறுகணும்.

மாமல்லபுரம் மணல்ல உட்கார்ந்து இதைத்தான் செஞ்சேன். தோள் இறங்குச்சு.

பதற்ற நோய்க்கு இது மருந்துன்னு உறுதியான ஆய்வு இல்ல. ஆனா மூச்சை மெதுவா விட்டா இதயத்துடிப்பு தணியும். பதற்றம் தூக்கத்தையே கெடுத்தா டாக்டரைப் பாருங்க.

குழந்தை பயந்தா அள்ளி அணைக்கிறோம்.
வளர்ந்தவங்க பயந்தா மட்டும் ஏன் "தைரியமா இரு"ன்னு அதட்டுறோம்?