கடிநாய்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் முதன்மையானது நாய். ஆடும் மாடும் அவனது பட்டிக்கு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, நாய் அவனோடு வேட்டைக்குச் சென்றது. அவன் மூட்டிய தீயின் அருகே படுத்துறங்கியது. நட்பின் இயல்பை உரைக்கப் புகுந்த நாலடியார், யானையின் நட்பினும் நாயின் நட்பே சிறந்தது என்று கூறும். எனினும் ஒருவனை இழித்துரைக்க வேண்டுமாயின், நம் நாவில் முதலில் வருவதும் நாயின் பெயரே. நன்றிக்கும் இழிவுக்கும் ஒரே விலங்கை உவமையாக்கிய விந்தை நம்முடையது!

ஒரு நாய் ஒருமுறை ஒருவரைக் கடித்துவிட்டால், அதனைக் ‘கடிநாய்’ என்கிறோம். இச்சொல் வினைத்தொகை. கடித்த நாய், கடிக்கின்ற நாய், கடிக்கும் நாய் என இது முக்காலத்திற்கும் விரியும். இறந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு செயலைக் கொண்டு, நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அம்முடிவு பொருந்துமா என்று ஆராயும் வாய்ப்பு, நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு நாயினால் எனக்குக் கிட்டியது.

நான் வாழும் ஊர் திருவில்லிபுத்தூர். 2019 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து அடைமழையில், எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த வீட்டுத் திண்ணையில் ஒரு நாய் வந்து ஒதுங்கியது. அதன் கழுத்தில் அறுந்த கயிறு ஒன்று தொங்கிற்று. துடைப்பக்கட்டையால் அதனை விரட்ட முயன்ற இளைஞர் ஒருவரின் கெண்டைக்காலை அது கவ்விவிட்டது. அவ்விளைஞரின் புண்ணை ஓடும் நீரில் சவுக்காரம் இட்டுக் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசி போடச் செய்தோம். நாய் கடித்தவிடத்து முதலிற் செய்யத்தக்கது இதுவே. வெறிநோய் முற்றியபின் உயிர் பிழைத்தோர் மிக அரியர். உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டோர் அஞ்ச வேண்டியதில்லை.

அன்று மாலை தெருவினர் கூடினர். அடித்துக் கொல்ல வேண்டும் என்றனர் சிலர். தொலைவிற் கொண்டுபோய் விட வேண்டும் என்றனர் சிலர். அடித்துக் கொல்வது கொடுமை. தொலைவில் விடுவதோ நம் தெருவின் இடரை அயல்தெருவிற்கு அனுப்புவதாகும். அவர்களுள் மூத்தவர் என்னை நோக்கி, “ஐயா, தெருவில் பிள்ளைகள் விளையாடுகின்றனர். தங்களுக்கு இந்த நாயின்மேல் இரக்கம் பெரிதா? அப்பிள்ளைகளின் நலம் பெரிதா?” என்று வினவினார். அவர் வினாவில் நியாயம் இருந்தது. “பிள்ளைகளின் நலமே பெரிது. ஆதலின் இந்த நாய் தெருவில் நிற்கலாகாது. என் வீட்டுக் கொட்டிலில் அடைந்திருக்கட்டும். தைத் திங்கள் முதல் நாள்வரை எனக்குத் தவணை தருக” என்றேன். அவர்கள் ஒருவாறு இசைந்தனர்.

கால்நடை மருத்துவர் ஒருவர் வலையிட்டு அதனைப் பிடித்து, மாடின்றி வெறுமையாக இருந்த எங்கள் கொட்டிலிற் சேர்த்தார். கடித்த நாய்க்கு வெறிநோய் இருக்குமாயின், பத்து நாட்களுக்குள் நோயின் குறிகள் வெளிப்பட்டுவிடும் என்பர். ஆதலின் பத்து நாட்கள் எவரும் அதனை அணுகவில்லை. உணவும் நீரும் கம்பிக் கதவின் கீழ் வைக்கப்பட்டன. பதினோராம் நாளும் அது நலமாகவே இருந்தது.

இனி, அது எவ்வகை நாய் என்ற ஆராய்ச்சி தொடங்கியது. நாய்களுக்குப் பெயர்பெற்ற நிலப்பகுதி எங்களுடையது. இராசபாளையம் எங்களுக்கு அண்டை ஊர். பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய அவ்வூர் நாய், 2005 இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் கொண்டு முயலைத் துரத்திப் பிடிக்கவல்ல சிப்பிப்பாறை நாயும் இப்பகுதிக்கு உரியதே. வடமேற்கே தேனிப் பக்கத்தில், செம்பழுப்பு உடலும் கரிய முகமும் வாய்ந்த கோம்பை நாய் உண்டு. எங்கள் கொட்டிலில் இருந்ததோ மேனி வெண்மை, முகம் கருமை, இடை சிறுமை. ஒருவர் இராசபாளையம் என்றார். ஒருவர் கோம்பை என்றார். மற்றொருவர் சிப்பிப்பாறை என்று பந்தயம் கட்டினார். கோம்பை என்றவர், “அச்சாதி கடிக்கத்தான் செய்யும்” என்று தீர்ப்பும் கூறினார்.

மருத்துவர் நகைத்தார். “ஐயா, கலப்பு நாயின் தோற்றத்தைக் கொண்டு அதன் குலத்தைத் துணிதல் இயலாது. குலத்தைக் கொண்டு குணத்தைத் துணிதல் அதனினும் அரிது” என்றார். அவர் கூறியது உண்மையே. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இருவேறு இன நாய்களைக் கலந்து வளர்த்து, தாம் கண்டவற்றை 1965 இல் நூலாக வெளியிட்டனர். அக்கலப்பில் தோன்றிய வழித்தோன்றல்களுள் பல, இரண்டு மூல இனங்களுள் எதனையும் ஒத்திருக்கவில்லை. 2022 இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் வினவியும், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஆய்ந்தும் நிகழ்ந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில், இனத்தால் விளைவது ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பங்கே என்று அது கண்டது.

எனவே, இஃது என்ன சாதி என்னும் வினாவை விடுத்து, இஃது ஏன் கடிக்கிறது என்னும் வினாவை மேற்கொண்டோம். மருத்துவர் மயக்க மருந்து தந்து அதன் உடலைச் சோதித்தார். கழுத்துக் கயிறு தோலை அறுத்துத் தசையினுட் புதைந்திருந்தது, இடச்செவி சீழ்பிடித்திருந்தது. நோவுற்ற உயிர் தன்னைத் தொட வரும் கையைப் பகையென்று கருதுதல் இயற்கையன்றோ! புண்கள் ஆறுவதற்கு ஒரு திங்கள் ஆயிற்று.

அந்நாட்களில், ஏட்டுச்சுவடியின் பாடங்களை ஒப்புநோக்குவதுபோல, அதன் செயல்களைக் கூர்ந்து நோக்கிக் குறித்து வந்தேன். யாரேனும் கையை உயர்த்தினால் அது உறுமும். நின்றபடி குனிந்தால் உறுமும். என் கைத்தடியைக் கண்டால் மூலையில் ஒடுங்கிப் பல்லைக் காட்டும். அவ்வேளைகளில் எல்லாம் வால் கால்களுக்கிடையே ஒடுங்கியிருக்கும். செவிகள் பின்னே மடிந்திருக்கும். உணவு இல்லாதபோதும் நா உதட்டை நக்கும். விழியோரத்தில் வெண்மை தோன்றும். இவை சினத்தின் குறிகள் அல்ல, அச்சத்தின் குறிகள்.

உறுமலைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நாய் உறுமினால் அதனை அடித்து அடக்குவோர் பலர். உறுமல் என்பது, ‘இனி அணுகாதே’ என்று நாய் தரும் முன்னறிவிப்பு. அதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பின்னர் அறிவிப்பின்றியே கடிக்கும்.

‘கடி’ என்பது வினைச்சொல்லாக மட்டும் வருவதன்று, உரிச்சொல்லாகவும் வரும். அவ்வுரிச்சொல்லுக்கு நன்னூலார் பதின்மூன்று பொருள் உரைத்துள்ளார். அவற்றுள் ஒன்று அச்சம். கொட்டிலின் முன் அமர்ந்திருந்த ஒரு மாலையில் இது நினைவிற்கு வந்தது. தெருவினர் வினைத்தொகையாகக் கொண்ட சொல்லை உரிச்சொற்றொடராகக் கொண்டால், ‘கடிநாய்’ என்பது அச்சமுடைய நாய் என்று பொருள்படும். இந்த நாய்க்கு அப்பொருளே பொருந்தியது.

அச்சத்தை அடியால் நீக்க இயலாது. பழக்கத்தாலேயே நீக்க வேண்டும். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் பாவ்லோவ், உணவோடு இணைத்துப் பலமுறை எழுப்பப்பட்ட ஒலியைக் கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் காட்டினார். மருத்துவர் எனக்குக் கற்பித்த முறையும் அதன் வழிப்பட்டதே. நான் பன்னிரண்டு அடி தொலைவில் இருந்தால் அது உறுமவில்லை. அவ்விடத்தில் சுண்ணாம்பால் கோடிட்டு, பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, அவித்த முட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எறிந்தேன். அது அமைதியாக உண்டால், சில நாட்களுக்குப்பின் கோடு ஓரடி முன்னேறும். உறுமினால், கோடு பின்வாங்கும். பிறகு கைத்தடியைத் தொலைவில் தரையிற் கிடத்தினேன். தடி தோன்றும்போது உணவு வரும். தடி மறைந்தால் உணவும் நின்றுவிடும். வாய்க்கூட்டினுள் உணவை வைத்து, அது தானே முகத்தை நுழைக்கும்படி பழக்கினேன்.

தைத் திருநாள் வந்தது. தெருவினர் வந்து நோக்கினர். நாய் கோட்டிற்கு அப்பால் நின்று ஒருமுறை உறுமிற்று, பின்னர் படுத்துக்கொண்டது. மூத்தவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “ஐயா, இன்னும் நாள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். மாசித் திங்களில் அது என் கையிலிருந்து உண்டது. வைகாசியில், எட்டு வயதுடைய என் பெயர்த்தி என் அருகில் அமர்ந்து முதன்முறையாக அதற்கு உணவிட்டாள். ‘மணி’ என்று பெயரிட்டவளும் அவளே.

மணி முற்றும் மாறிவிட்டது என்று கூற மாட்டேன். யாரேனும் திடுமெனக் கையை ஓங்கினால் இன்றும் அதன் உடல் விறைக்கும். உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனை எவரும் தொடுவதில்லை. குழந்தைகளை அதனுடன் தனியே விடுவதில்லை. வெளியே செல்லுங்கால் வாய்க்கூடு உண்டு. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் உண்டு. அன்பு செய்வதனால் காவல் வேண்டாததாகிவிடாது. அச்சத்தைத் தவிர, நன்னூலார் கூறிய பொருள்களுள் காப்பு என்பதும் ஒன்று.

மாணவர்களே! ‘முரடன்’ என்றும் ‘பொல்லாதவன்’ என்றும் நாம் மனிதர்க்கும் பெயரிடுகிறோம். ஒரு நாட் செயலை ஒருவருக்கு முக்காலத்துப் பெயராக்கும் முன்னர், அவர் கழுத்தில் எக்கயிறு புதைந்திருக்கிறது என்று பொறுமையோடு பாருங்கள்.